பலூன்களுக்கு ஒரு பொருட்காட்சிசாலை

பொருட்காட்சிசாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன பெரும்பாலும் கனமான பொருள்கள். கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், பீரங்கிகள், முதுமக்கள் தாழிகள் ஆகியவற்றை ஆயிரம் ஆண்டு ஒரே இடத்தில் வைத்திருந்தாலும் வைத்தது வைத்தபடியே இருக்கும். அவற்றைத் திரட்டி, தூசு தட்டி, பெயர்ச்சீட்டு எழுதி வைத்துவிட்டால் காட்சிசாலையின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் காற்றையே உயிராகக் கொண்ட ஒரு பொருளுக்குக் காட்சிசாலை அமைப்பது எப்படி? காற்று உள்ளே இருக்கும்வரைதான் அது பலூன். காற்று போய்விட்டால் மிஞ்சுவது ஒரு துணி மூட்டையும் ஒரு பிரப்பங்கூடையுந்தான். துணி வெயிலில் நைந்துபோகும், கூடை உளுத்துப்போகும். இத்தகைய பொருளின் வரலாற்றைக் காப்பதற்கென்றே உலகில் சில காட்சிசாலைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியிலே, நியூ மெக்ஸிகோ மாநிலத்திலே, ஆல்புகர்க்கி என்றொரு நகரம் இருக்கிறது. அந்நகரிலே 2005-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் திறக்கப்பட்டது ஆண்டர்சன்–அப்ரூஸோ பன்னாட்டுப் பலூன் பொருட்காட்சிசாலை. ஆண்டர்சன், அப்ரூஸோ என்பவை இரண்டு மனிதரின் பெயர்கள். அவர்கள் யார், அவர்களுடைய பெயர் ஏன் அங்கே பொறிக்கப்பட்டது என்பதுதான் நம் பேச்சின் நடுப்பகுதி. அதற்குமுன் பலூன் என்னும் பொருளின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால், எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் அதன் பெயரைத்தான் விசாரிப்போம். பலூனுக்குத் தமிழிலே பழைய வழக்கில் புகைக்கூண்டு என்றொரு பெயர் உண்டு. புகைபோக்கிக்கும் அதே சொல்தான். பலூனுக்குள் இருப்பது சூடேறிய காற்றாயிற்றே, புகை எங்கிருந்து வந்தது என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். அந்தப் பெயரிலே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அந்தப் பிழையோ தமிழருடையதன்று. பலூனைக் கண்டுபிடித்தவர்களே கொண்டிருந்த பிழை அது.

பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில் அனோனே என்னும் ஊரை அடுத்து, வழிவழியாகக் காகிதம் செய்து வந்த ஒரு குடும்பத்திலே ஜோஸஃப் மோன்கோல்ஃபியே, எத்தியேன் மோன்கோல்ஃபியே என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். நெருப்புக்கு மேலே புகை எழும்புவதைப் பார்த்த அவர்கள், புகையிலே பொருள்களை மேலே தூக்கும் தனிச் சக்தி ஒன்று இருப்பதாகக் கருதினார்கள். அதனால் நெருப்பு நன்றாகப் புகைய வேண்டுமென்று ஈரமான வைக்கோலையும் கம்பளியையும் எரித்தார்கள். 1783-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி, ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த சதுக்கத்திலே, துணியும் காகிதமும் கொண்டு தைத்த ஒரு பெரிய உறையை இவ்வாறு புகையால் நிரப்பி வானிலே விட்டார்கள். அது எழுந்தது. காரணம் தவறு, காரியம் சரி. விஞ்ஞான வரலாற்றிலே இப்படி நேர்வது அபூர்வமன்று. புகைக்கூண்டு என்ற நம் சொல்லும் அந்தத் தவறான காரணத்தை அறியாமலே சுமந்து நிற்கிறது.

உண்மையான காரணம் எளியது. காற்றைச் சூடாக்கினால் அது விரிகிறது. விரிந்தால் எடை குறைகிறது. சாதாரண வெப்ப நிலையிலே ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. அதையே கொதிநீரின் சூட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு கிலோகிராமுக்கும் சற்றுக் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கன மீட்டர் வெப்பக் காற்றும் கால் கிலோ சுமையைத்தான் தூக்க வல்லது. ஒரு மனிதனைத் தூக்குவதற்கே இருநூற்றைம்பது, முந்நூறு கன மீட்டர் வேண்டும் என்றால், கூடை, கயிறு, எரிபொருள், இரண்டு மூன்று பிரயாணிகள் எல்லாவற்றையும் தூக்குவதற்கு எவ்வளவு வேண்டுமென்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இக்காலத்துச் சாதாரணப் பலூன் ஒன்று ஏறத்தாழ 2,200 கன மீட்டர் கொள்ளளவுள்ளது. பலூன்கள் ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நிற்பதன் காரணம் இதுதான். ஆடம்பரத்துக்காக அவற்றைப் பெரிதாகச் செய்யவில்லை. காற்று அவ்வளவு பலவீனமான சுமைதூக்கி.

அனோனே நிகழ்ச்சி பாரிஸ் வரை எட்டியது. அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் தேதி வெர்ஸாய் அரண்மனை முன்னிலையிலே, பதினாறாம் லூயி மன்னர் பார்த்திருக்க, ஓர் ஆட்டையும் ஒரு வாத்தையும் ஒரு சேவலையும் கூண்டிலே ஏற்றி மேலே அனுப்பினார்கள். உயரத்திலே உயிர் தரிக்குமா என்ற ஐயம் அக்காலத்தில் இருந்தது. மூன்று பிராணிகளும் உயிரோடு இறங்கின. நவம்பர் 21-ஆம் தேதி, பிலாத்ர் த ரோஸியே என்பவரும் தார்லாந்த் பிரபுவும் பாரிஸ் நகரின்மீது சுமார் இருபத்தைந்து நிமிஷம் பறந்து சென்று இறங்கினார்கள். கட்டுக் கயிறின்றி மனிதன் மண்ணை விட்டுப் பறந்த முதற் பிரயாணம் அது.

ஆனால் அந்த வருஷமே ஒரு போட்டியும் பிறந்துவிட்டது. ஷார்ல் என்னும் பௌதிக அறிஞர் சூட்டை நம்பாமல் ஹைட்ரஜன் வாயுவை நம்பினார். அவர் விட்ட ஆளில்லாத வாயுப் பலூன் பாரிஸிலிருந்து போய்க் கோனெஸ் என்னும் சிற்றூரிலே விழ, அவ்வூர்க் குடியானவர்கள் அது ஏதோ பூதம் என்று அஞ்சி ஆயுதங்களால் தாக்கிக் கிழித்துவிட்டார்கள். ஆனாலும் வென்றது ஹைட்ரஜன்தான். அது வெப்பக் காற்றைப்போல் நான்கு மடங்கு சுமையைத் தூக்கும். மேலே போனபின் அடுப்பெரிக்க வேண்டுவதில்லை. துணிக்கும் காகிதத்துக்கும் கீழே திறந்த நெருப்பை வைத்துக்கொண்டு பறப்பதன் அபாயத்தைச் சொல்லவும் வேண்டுவதில்லை. பிலாத்ர் த ரோஸியே இரண்டையும் இணைத்துப் பார்க்க முயன்றார். 1785-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி, ஹைட்ரஜன் பலூனும் வெப்பக் காற்றுப் பலூனும் ஒன்றாகப் பிணைந்த ஒரு கலத்திலே இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டு, கரையை விட்டு அதிக தூரம் போகுமுன்பே வீழ்ந்து உயிர் துறந்தார். முதலிற் பறந்த மனிதரே பறப்பதில் முதலில் மாண்டவருமானார். அதன்பின் வெப்பக் காற்றுப் பலூன் நெடுங்காலம் மறக்கப்பட்டே கிடந்தது.

அதை மறுபடி எழுப்பியவர் எட் யோஸ்ட் என்னும் அமெரிக்கர். 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, நெப்ராஸ்கா மாநிலத்திலே ப்ரூனிங் என்னுமிடத்திலிருந்து அவர் தாமே அமைத்த பலூனிலே பறந்தார். வைக்கோலுக்குப் பதில் புரோப்பேன் வாயு; காகிதத்துக்குப் பதில் நைலான். எரிவாயுவை உருளையிலே எடுத்துச் சென்று, வேண்டும்போது எரித்து வேண்டாதபோது நிறுத்தும் வசதி வந்ததும், ஏறுவதும் இறங்குவதும் மனிதன் கைக்குள் வந்துவிட்டன. இன்று உலகெங்கும் விழாக்களிலே நாம் காணும் வண்ணப் பலூன்கள் எல்லாம் அந்த ஒரு பலூனின் வழித்தோன்றல்களே.

ஏறுவதும் இறங்குவதும் கைக்குள் வந்தன என்றோம். போகும் திசை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கரிகாலனுடைய முன்னோன் ஒருவன் காற்றை ஏவல் கொண்டு கடலிலே கலம் செலுத்தியதாக வெண்ணிக் குயத்தியார் பாடியிருக்கிறார். பாய்மரக் கப்பலுக்குக் காற்று பணியாளாகும்; ஏனெனில் அதன் அடிப்பாகம் நீரிலே ஊன்றி நிற்கிறது, சுக்கானும் இருக்கிறது. பலூனுக்கோ ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லை. காற்று போகும் வேகத்திலேயே, காற்று போகும் திசையிலேயே அதுவும் போகிறது. கூடையிலே நிற்பவருக்கு முகத்திலே காற்றடிப்பதுகூடத் தெரியாது. பலூன் ஓட்டுபவரின் வித்தையெல்லாம் ஒன்றே: வெவ்வேறு உயரத்திலே காற்று வெவ்வேறு திசையில் வீசும்; தமக்கு வேண்டிய காற்று எந்த உயரத்தில் இருக்கிறதென்று தேடி, அங்கே ஏறியோ இறங்கியோ போய்க் காத்திருப்பது.

இங்கேதான் ஆல்புகர்க்கி நகரம் கதைக்குள் வருகிறது. ரியோ கிராண்டி ஆற்றின் பள்ளத்தாக்கிலே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலே, சாண்டியா மலைத்தொடரின் அடிவாரத்தில் அது அமைந்திருக்கிறது. இலையுதிர் காலத்து விடியற்காலைகளில், இரவு குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து தெற்காக வழிந்து செல்லும். அதற்குச் சில நூறு அடி மேலே தெற்கிலிருந்து வடக்காகக் காற்று வீசும். ஆகவே தாழப் பறந்து தெற்கே போன பலூன், சற்று உயர்ந்து வடக்கே திரும்பி, மறுபடி தாழ்ந்து, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே இறங்கக் கூடும். இதற்கு அவ்வூரார் ‘ஆல்புகர்க்கிப் பெட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போனவன் திரும்பி வரக்கூடிய காற்று எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்த ஊரிலே பலூன் கலை தழைத்தது இயற்கையே.

வானொலி நேயர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1972-ஆம் ஆண்டு அந்நகரத்து வானொலி நிலையம் ஒன்று தன் ஐம்பதாவது பிறந்த நாளைக் கொண்டாடியது. கொண்டாட்டத்தின் ஓர் அங்கமாக, ஒரு வியாபாரக் கூடத்தின் வாகனங்கள் நிறுத்தும் வெளியிலே சில பலூன்களைக் கூட்டினார்கள். வந்தவை பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றிலிருந்து வளர்ந்ததுதான் இன்று அக்டோபர் மாதந்தோறும் அங்கே நடக்கும் பெரும் பலூன் விழா. 2000-ஆம் ஆண்டிலே கலந்துகொண்ட பலூன்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அவ்விழா நடக்கும் பெருவெளியை அடுத்தே பொருட்காட்சிசாலையும் நிற்கிறது.

இனி அந்த இரு மனிதரைப் பார்ப்போம். மாக்ஸி ஆண்டர்சன் சுரங்கத் தொழில் நடத்தியவர். பென் அப்ரூஸோ சாண்டியா மலைமீது பனிச்சறுக்கு விளையாட்டிடமும் கம்பிவழி ஊர்தியும் நடத்தியவர். இருவரும் ஆல்புகர்க்கியில் வாழ்ந்த நண்பர்கள். பலூனிலே அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடப்பது அவர்களுடைய கனவு. நூறாண்டுக்கும் மேலாகப் பலர் முயன்று தோற்ற காரியம் அது. சிலர் கடலிலேயே மறைந்தும் போயினர். 1927-ஆம் ஆண்டிலே தனியாக விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பர்குக்குத் தனிக் கழுகு என்ற பட்டப்பெயர் உண்டு. இவர்கள் இருவராதலால் தங்கள் பலூனுக்கு இரட்டைக் கழுகு என்று பெயரிட்டார்கள். வெப்பக் காற்றினால் அத்தனை நாள் பறக்க இயலாதாகையால் இது ஹீலியம் வாயுவால் மிதக்கும் பலூன்.

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் புறப்பட்டார்கள். புயற்காற்று அவர்களை வடக்கே அடித்துக்கொண்டு போயிற்று. ஐஸ்லாந்துக் கரைக்கு அருகே கடலிலே இறங்க நேர்ந்தது. குளிரினால் அப்ரூஸோவின் பாதம் கெட்டு, குணமாக நெடுநாள் பிடித்தது. மற்றவர்களாயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர்கள் மறு ஆண்டே இரண்டாம் இரட்டைக் கழுகைச் சித்தம் செய்தார்கள். இம்முறை லாரி நியூமன் என்னும் இளைஞரும் சேர்ந்துகொண்டார்.

1978-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி மெய்ன் மாநிலத்திலிருந்து மூவரும் புறப்பட்டனர். நான்கு நாள் நன்றாகவே சென்றது. ஆகஸ்ட் 16-ஆம் தேதியன்று காற்று குளிர்ந்துவிட, உள்ளிருந்த ஹீலியம் சுருங்கி, இருபதாயிரம் அடி உயரத்திலிருந்த பலூன் நான்காயிரம் அடிக்கு இறங்கிவிட்டது. கீழே கடல். சூரியன் மறுபடி வாயுவைச் சூடாக்கியதால்தான் அவர்கள் மேலெழுந்தார்கள். பிரயாணம் முழுவதிலும் சுமையைக் குறைக்கக் குறைக்கத்தான் உயரம். பிரான்ஸிலே பலூனிலிருந்து பிரிந்து பறந்து இறங்கவேண்டுமென்ற ஆசையோடு நியூமன் கொண்டுவந்திருந்த சிறகுப் பொறியையும் கடலிலே எறிய வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 17-ஆம் தேதி மாலை, பாரிஸுக்கு மேற்கே மிஸரே என்னும் சிற்றூரின் வாற்கோதுமை வயலிலே பலூன் இறங்கியது. 137 மணி நேரம். ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். 1783-லே பலூனைக் கண்டு அஞ்சிக் கிழித்தவர்களின் நாட்டிலே, 1978-லே மக்கள் வயலை மிதித்துக்கொண்டு வரவேற்க ஓடி வந்தார்கள்.

அதன்பின் 1981-ஆம் ஆண்டிலே இருவரும் வெவ்வேறு வழியிலே சென்றார்கள். ஜனவரி மாதத்திலே ஆண்டர்சன், டான் ஐடா என்னும் தோழரோடு, உலகத்தையே சுற்றி வரும் நோக்கத்துடன் எகிப்து நாட்டு லக்ஸர் நகரிலிருந்து புறப்பட்டார். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. இரண்டு நாளைக்குப் பிறகு அவர்கள் இறங்கிய இடம் எது தெரியுமா? நம் இந்தியாதான். வடநாட்டு மண்ணிலே, குளிர்கால வயல்களுக்கு நடுவே அந்தப் பிரயாணம் முடிந்தது. நவம்பர் மாதத்திலே அப்ரூஸோ மற்றும் மூவரோடு ஐந்தாம் இரட்டைக் கழுகிலே ஜப்பானிலிருந்து புறப்பட்டு, பசிபிக் மகாசமுத்திரத்தைக் கடந்து கலிபோர்னியாவின் மலைக்காட்டிலே இறங்கினார். 84 மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பிரயாணம். ஆளேறிய பலூன் பசிபிக்கைக் கடந்தது அதுவே முதல் தடவை.

அதற்குப் பின் காலம் இருவருக்கும் அதிகம் கொடுக்கவில்லை. 1983-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேற்கு ஜெர்மனியிலே பலூன் இறங்கும்போது நேர்ந்த விபத்திலே ஆண்டர்சனும் டான் ஐடாவும் மாண்டனர். ஆண்டர்சனுக்கு வயது நாற்பத்தெட்டு. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியிலே அப்ரூஸோ தம் மனைவியோடு சென்ற சிறு விமானம் ஆல்புகர்க்கியிலேயே வீழ்ந்தது. திசையில்லாத பலூனிலே இரண்டு சமுத்திரம் கடந்தவரை, இயந்திரமும் சுக்கானும் உள்ள விமானம் சொந்த ஊரிலே கொண்டுபோயிற்று. தந்தைக்குப் பின் பலூனிலே புகழ் பெற்ற மகன் ரிச்சர்ட் அப்ரூஸோ, 2010-ஆம் ஆண்டு செப்டம்பரிலே ஒரு பன்னாட்டுப் போட்டியின்போது ஏட்ரியாடிக் கடலின்மேல் இடிமழையிலே சிக்கி, கூட வந்தவரோடு மாண்டார்.

இவற்றைக் கேட்கும்போது ஒரு கேள்வி எழத்தான் செய்யும். உயிரை வாங்கும் ஒரு விளையாட்டுக்கு மாளிகையா? இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. பலூனுக்கு வேறு இருள் பக்கமும் உண்டு. 1944, 1945-ஆம் ஆண்டுகளிலே ஜப்பானியப் படை, பள்ளிச் சிறுமியரைக்கொண்டு காகிதம் ஒட்டச் செய்து, ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆளில்லாப் பலூன்களிலே குண்டு கட்டி அமெரிக்காவை நோக்கிக் காற்றிலே விட்டது. 1945 மே 5-ஆம் தேதி ஆரிகன் மாநிலத்துக் காட்டிலே, உல்லாசமாக உணவருந்தச் சென்ற ஒரு பெண்ணும் ஐந்து சிறுவர் சிறுமியரும் அவற்றுள் ஒன்றினால் மாண்டார்கள். 1783-லே காகிதக்காரர் வீட்டிலே வியப்பாகப் பிறந்தது, காகிதத்தாலேயே கொலைக் கருவியும் ஆயிற்று. மறுபுறம், 1870-ஆம் ஆண்டு பாரிஸ் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, உள்ளிருந்த மக்களின் கடிதங்களை லட்சக்கணக்கிலே வெளியே கொண்டுவந்து சேர்த்தவையும் பலூன்கள்தாம். பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு கடிதம் என்பது என்ன என்று நம் நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே பலூனின் வரலாற்றைக் காப்பது என்றால் வெற்றியை மட்டும் காப்பதன்று. தவறிய கணக்கையும், கடலில் விழுந்த கூடையையும், கொன்ற காகிதத்தையும் சேர்த்தே காப்பது. ஆல்புகர்க்கிக் காட்சிசாலையிலே ஐந்தாம் இரட்டைக் கழுகின் தொட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. நால்வர் மூன்றரை நாள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறிய அறை அது. இரண்டாம் இரட்டைக் கழுகின் தொட்டிலோ தலைநகர் வாஷிங்டன் பக்கத்திலுள்ள தேசியக் காட்சிசாலையிலே இருக்கிறது. கடலைக் கடந்த பலூன்களின் கம்பீரமெல்லாம் காற்றோடு போய்விட, மனிதர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு வகையிலே பார்த்தால், அதுதான் வைத்துக் காக்கத் தக்கதும்.

இக்காட்சிசாலை வெறும் நினைவுக் கூடமாக நின்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, ட்ராய் ப்ராட்லி என்னும் அமெரிக்கரும் லியோனித் த்யூக்த்யாயெவ் என்னும் ரஷ்யரும் ஜப்பானிலிருந்து இரு கழுகுகள் என்ற பெயருள்ள ஹீலியம் பலூனிலே புறப்பட்டார்கள். இந்த ப்ராட்லி, 1992-ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் அப்ரூஸோவோடு அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கா வரை பலூனிலே பறந்தவர். பசிபிக்கின்மேல் சென்றுகொண்டிருந்த இருவருக்கும் காற்றின் போக்கையும் ஏறவேண்டிய உயரத்தையும் சொல்லி வழிகாட்டிய கட்டளைக் கூடம் எங்கே அமைந்திருந்தது? ஆல்புகர்க்கிப் பலூன் பொருட்காட்சிசாலைக்குள்ளே. 160 மணிக்கு மேல் வானிலே இருந்து, 10,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கடந்து, மெக்ஸிகோக் கரையருகே அவர்கள் கடலில் இறங்கியபோது, 1978-ஆம் ஆண்டு முதல் நின்ற நேரச் சாதனையும், 1981-ஆம் ஆண்டு முதல் நின்ற தூரச் சாதனையும் கடக்கப்பட்டன. ஆண்டர்சன், அப்ரூஸோ பெயர் பொறித்த வீட்டுக்குள் இருந்தபடியே அவர்களுடைய சாதனைகளை அடுத்த தலைமுறை கடந்து சென்றது. முன்னோருக்கு இதைவிடச் சிறந்த மரியாதை இருக்க முடியுமா என்று தோன்றுகிறது.

நம் நாட்டைப் பற்றியும் இங்கே சில சொற்கள் சொல்ல வேண்டும். கொல்கத்தாவிலே வாழும் நேயர்கள் அறிந்துகொள்ளலாம்: 1889-ஆம் ஆண்டிலே ராம்சந்திர சட்டர்ஜி என்னும் வங்காளி வீரர், பெர்ஸிவல் ஸ்பென்ஸர் என்னும் ஆங்கிலேயரிடம் பழகி, அந்நகரிலே வாயுப் பலூனில் தனியாக வானேறினார். ஹைதராபாத்திலே வாழ்பவர்கள் அறிந்துகொள்ளலாம்: டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் ஏவும் தளம் 1969-ஆம் ஆண்டு முதல் அவ்வூரிலே இயங்கிவருகிறது. 2005-ஆம் ஆண்டு அங்கிருந்து விட்ட ஒரு பலூன், இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக் காற்றைச் சேகரித்து வந்தது. அதிலிருந்து அதுவரை அறியப்படாத மூன்று வகை நுண்ணுயிர்கள் பிரித்தெடுக்கப்பட்டனவென்று 2009-ஆம் ஆண்டிலே அறிவித்தார்கள். அவற்றுள் ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயரை வைத்தார்கள். மும்பையிலே வாழ்பவர்கள் அறிந்துகொள்ளலாம்: 2005-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி, தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா தம் அறுபத்தேழாம் வயதிலே அந்நகரிலிருந்து வெப்பக் காற்றுப் பலூனில் எழுந்து, 21,027 மீட்டர் உயரத்தை எட்டி உலகச் சாதனை நிறுவி, நாசிக் பக்கத்திலே இறங்கினார். தமிழகத்திலும் பொள்ளாச்சியிலே 2015-ஆம் ஆண்டு தொடங்கிய பன்னாட்டுப் பலூன் விழாவினால், பலூனைப் படத்திலே மட்டும் பார்த்திருந்த பிள்ளைகள் தென்னந்தோப்புக்கு மேலே நேரிலே பார்த்தார்கள்.

இவை யாவும் நம் வரலாறே. ஆனால் ஒன்று வங்காளிகளின் நினைவிலே, ஒன்று விஞ்ஞானிகளின் ஏட்டிலே, ஒன்று பழைய செய்தித்தாளிலே என்று சிதறிக் கிடக்கின்றன. இவை ஒரு கூரையின்கீழ்க் கூடும் நாள் வரவேண்டும். அதுவரையிலே, ஓர் ஊரில் பிழைக்க வந்தவர்கள் அவ்வூரின் கதைகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது ஒரு வகையில் காட்சிசாலை நடத்துவதே. பல்லாண்டுகளாக வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களிலே, பிள்ளைகளுக்கு ஊர்க் கோயிலின் வரலாற்றை நாம் தவறாமல் சொல்லுகிறோம்; அது சரியே. அவர்கள் நாள்தோறும் நடந்து பள்ளிக்குப் போகும் நகரத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால், இரண்டு ஊர் அவர்களுக்குச் சொந்தமாகும்.

பலூன் ஓட்டுபவர்களுக்குத் திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது; உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் உண்டு என்றோம். நம்மிற் பலரும் இன்ன ஊருக்குப் போவோம் என்று எண்ணிப் புறப்பட்டவர்கள் அல்லர். உத்தியோகம் என்ற காற்று கொண்டுவந்து சேர்த்த இடத்திலே இறங்கியவர்கள். இறங்கிய வயல் யாருடையது, அங்கே என்ன விளைகிறது, நம்மைப் பார்க்க ஓடி வருபவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இறங்கியவரின் கடமை. லக்ஸரிலிருந்து புறப்பட்டு எதிர்பாராமல் நம் நாட்டு வயலிலே இறங்கிய அந்த இரு பிரயாணிகளும் முதலிலே கேட்டது அதைத்தான் என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை. அடுத்த முறை வானிலே ஒரு பலூனைக் கண்டால், பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். அதற்குத் தமிழிலே புகைக்கூண்டு என்றொரு பெயர் இருந்தது என்பதையும், அந்தப் பெயரிலே உள்ள பிழையையும், அந்தப் பிழையோடுதான் மனிதன் முதன்முதலில் மண்ணை விட்டு எழுந்தான் என்பதையும் சொல்லுங்கள்.